அரசியல் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாரதி, கடையத்தில் 2 வருடம் என்ன செய்தார்?

தென்காசியில் ரயில் ஏறி நெல்லைப் பக்கம் போனால் பாவூர்சத்திரம் தாண்டி கீழக்கடையம் ஸ்டேஷன் வரும். அடுத்த ஸ்டேஷன் ரவணசமுத்திரம். சீசன் நேரம்னா குற்றாலத்துச் சாரல் காற்று இங்கேயும் வந்து முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. பார்க்க அவ்வளவு அமைதியான ஊர்.

இந்த ஊருக்குத்தான் 1918 டிசம்பரில் ஒருத்தர் ஜெயிலில் இருந்து நேராக வந்து சேர்ந்தார். வயது 36. ஆள் மெலிந்து போயிருந்தார். கையில் காசு இல்லை. தங்கியது மனைவியின் ஊரில், மைத்துனர் ஆதரவில். அரசியலில் தலையிடமாட்டேன் என்று வெள்ளைக்கார அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அவர் சுப்பிரமணிய பாரதி.

பாரதி என்றால் நம்ம எல்லோருக்கும் முண்டாசு, முறுக்கு மீசை, முழங்கும் பாட்டு. பள்ளிக்கூடத்தில் படித்த பாரதி அதுதான். கடையத்துப் பாரதி கொஞ்சம் வேற ஆள். வாயைக் கட்டிவிட்ட ஒரு மனுஷன், நாட்டை மாற்றும் வேலையை எங்கே இருந்து தொடங்குவான்? வெள்ளைக்காரனைத் திட்ட முடியாது. பத்திரிகை நடத்த முடியாது. அப்போ மிச்சம் இருப்பது தன் வீடு, தன் தெரு, தன் ஜாதி, தன் பேனா. அந்த 2 வருடம் பாரதி கை வைத்தது இந்த நாலில்தான். அதனால் பட்ட அடியும் கொஞ்சம் இல்லை.

முதலில் பழைய கதை, சுருக்கமாக

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரம். 1897ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14 வயது, பொண்ணுக்கு 7 வயது. கடையத்தைச் சேர்ந்த அந்தப் பொண்ணுதான் செல்லம்மா. அடுத்த வருடமே அப்பா சின்னசாமி ஐயர் இறந்துவிட, பாரதி காசிக்குப் போனார். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் கொஞ்ச நாள், மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் வாத்தியார் வேலை, 1904 கடைசியில் சென்னை 'சுதேசமித்திரன்' பத்திரிகை.

1906ல் 2 விஷயம் நடந்தது. ஒன்று, தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்த முதலீடு 10 லட்சம் என்று திட்டம். வெள்ளைக்காரன் கப்பலைத் திட்டிக்கொண்டே அதில் ஏறிப் போவதில் என்ன அர்த்தம், நம்ம காசில் நம்ம கப்பல் ஓட்டுவோம் என்பதுதான் கணக்கு. பாரதி தன்னோட 'இந்தியா' பத்திரிகையில் இதற்கு முழு ஆதரவு கொடுத்தார்.

இன்னொன்று, அந்த வருடக் கடைசியில் கல்கத்தா காங்கிரசுக்குப் போனபோது சகோதரி நிவேதிதாவைச் சந்தித்தது. மனைவியை ஏன் கூட்டி வரவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம் இல்லை என்று பாரதி ஏதோ சமாளிக்கப் பார்த்தார். நிவேதிதா விடவில்லை. வீட்டில் பாதிப் பேரை அடைத்து வைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை கேட்பது எப்படி என்று மடக்கிவிட்டார். இத்தனைக்கும் பாரதி அப்போதே 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர்! எழுதுவது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று என்று ஒரு அந்நியப் பெண் சுட்டிக்காட்டியது அவருக்கு நன்றாகவே உறைத்தது. 1908, 1909 இரண்டு வருடமும் வெளிவந்த தன் கவிதைப் புத்தகங்களை அவர் காணிக்கையாக்கியது நிவேதிதாவுக்குத்தான்.

1908ல் எல்லாம் தலைகீழானது. வ.உ.சி.க்கு 40 வருடத் தண்டனை. 'இந்தியா' பத்திரிகை மேல் வழக்கு. பாரதி பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே 10 வருடம்.

நடுவில் தென்காசிப் பக்கம் ஒரு பெரிய சம்பவம். செங்கோட்டை வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17ல் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்த வழக்கில் மாட்டியவர்களில் செங்கோட்டை, தென்காசிக்காரர்கள் பலர். முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரி, தென்காசி வட்டாரத்தில் ரகசியமாக இளைஞர்களைத் திரட்டியவர். பாரதிக்கும் பழக்கமானவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார். பாரதி மேல் இந்த வழக்கு போடப்படவில்லை. ஆனால் புதுச்சேரியில் அவரைச் சுற்றி உளவாளிகள் கூட்டம் அதிகமானது. கடிதம் வராது, பணம் வராது, பார்க்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கையெழுத்து

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ல் முடிந்தது. அதற்கு 9 நாள் கழித்து, நவம்பர் 20ல், பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். கடலூர் பக்கத்தில் கைது. கடலூர் ஜெயில்.

அங்கே இருந்து கவர்னர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். அரசியலை விட்டுவிட்டேன், இனி அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதுதான் அதன் சாரம். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ரங்கசாமி ஐயங்கார் எல்லாம் அவருக்காக முயற்சி எடுத்தார்கள். டிசம்பர் 14ல் விடுதலை. ஆனால் நிபந்தனையோடு. திருநெல்வேலி ஜில்லாவில், சொன்ன ஊரில்தான் இருக்கணும். எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன்னால் சி.ஐ.டி. போலீசிடம் காட்டணும்.

இந்த மனுவை வைத்து இன்றைக்கும் சமூக வலைத்தளத்தில் சண்டை நடக்கிறது. பாரதி பணிந்துவிட்டார் என்று ஒரு கூட்டம். அது வெறும் தந்திரம் என்று இன்னொரு கூட்டம். 10 வருட வறுமை, 2 பெண் குழந்தைகள், நொந்துபோன உடம்பு... இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் அவசரத் தீர்ப்பாகத்தான் தெரிகிறது. எழுதிக் கொடுத்தது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. அதற்கு அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதே இல்லை.

கடையத்துக்கு வந்த சில நாளிலேயே பரலி சு. நெல்லையப்பருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நெல்லையப்பர் ஏற்கெனவே பாரதியின் பாட்டுகளைச் சின்னச் சின்னப் புத்தகமாகப் போட்டு வந்தவர். ஜெயிலில் இருந்து வந்த மனுஷன் முதல் வேலையாக விசாரித்தது புத்தகங்களைப் பற்றித்தான்.

அக்ரஹாரத்தில் ஒரு புயல்

கடையம் அக்ரஹாரத்துக்கு இவர் ஊர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்தால் மரியாதை உண்டு. ஆனால் இந்த மாப்பிள்ளை பூணூலை எப்போதோ கழற்றிப் போட்டவர். புதுச்சேரியில் இருந்தபோது கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்குத் தன் கையாலேயே பூணூல் போட்டு, இனி நீயும் பிராமணன்தான் என்று சொன்னவர். அந்த இளைஞர் பின்னாளில் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எல்லா ஜாதி வீட்டிலும் சாப்பிடுகிற ஆளை எந்தத் திண்ணையில் உட்கார வைப்பது?

ஊரில் இன்னமும் சொல்லும் கதைகள் சில உண்டு. செல்லம்மா தோளில் கை போட்டபடி தெருவில் நடந்து போவாராம். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். ஒருநாள் கழுதைக்குட்டி ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் வந்தாராம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசினார்களாம்.

கேட்கும்போது நமக்குச் சிரிப்பாக இருக்கும். செல்லம்மாவின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. பிறந்த ஊர். அண்ணன் தம்பி, சித்தி, அத்தை எல்லாம் சுற்றி இருக்கிறார்கள். கல்யாண வயதில் பெண் பிள்ளைகள். இந்த ஊர் ஒதுக்கி வைத்தால் போக வேறு இடம் இல்லை. கணவன் சமத்துவம் பேசுகிறார், அதற்கான விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது மனைவி. பாரதியைப் புகழும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம். 1951ல் திருச்சி வானொலியில் செல்லம்மா தன் கணவரைப் பற்றிப் பேசினார். அதில் பெருமையும் இருந்தது, ஒரு கவிஞனோடு குடும்பம் நடத்தின பாடும் இருந்தது.

பாரதி பெரும்பாலும் வீட்டில் தங்கமாட்டார். ஊருக்கு வெளியே வில்வவனநாதர் – நித்யகல்யாணி அம்மன் கோயில். அதைச் சுற்றி இருக்கும் பாறைகள். மலையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். தானாகப் பாடுவார். மாடு மேய்க்கிறவர்கள்தான் பல நாள் அவருக்குக் கேட்பவர்கள்.

அந்தக் காலத்தில் அவர் சுதேசமித்திரனில் எழுதிய 'சந்திரிகையின் கதை' என்ற தொடர்கதையைப் படித்தால், அந்தப் பாறையில் உட்கார்ந்து அவர் என்ன யோசித்தார் என்று ஓரளவு புரியும். கதை தொடங்குவது பொதிகை அடிவாரத்து ஊர் ஒன்றில். ஒரு கைம்பெண் மறுமணம் செய்துகொள்ள வழி தேடிப் போகிறாள். அவள் யாரைத் தேடிப் போகிறாள் தெரியுமா? நிஜ மனிதர்களை! ஆந்திராவின் வீரேசலிங்கம் பந்துலுவும், சுதேசமித்திரனைத் தொடங்கின ஜி. சுப்பிரமணிய ஐயரும் அந்தக் கதைக்குள் பாத்திரங்களாக வருகிறார்கள். சுப்பிரமணிய ஐயரை ஏன் கொண்டு வந்தார் என்றால், அந்த மனுஷர் 1889லேயே தன் சொந்த மகளுக்கு, குழந்தையிலேயே தாலி அறுத்த பொண்ணுக்கு, மறுமணம் செய்து வைத்தவர். சுற்றம் அவரை ஒதுக்கியது. மேடையில் சீர்திருத்தம் பேசுகிற ஆளுக்கும் வீட்டுக்குள் செய்து காட்டுகிற ஆளுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பாரதி நன்றாகப் பார்த்திருக்கிறார். பாவம், அந்தக் கதையை அவரால் முடிக்க முடியவில்லை.

தென்காசி ஸ்டேஷனில் ஒரு தப்பு

1920ல் அவர் எழுதின இன்னொரு கதை 'ரெயில்வே ஸ்தானம்'. கதை நடக்கும் இடம் தென்காசி ரயில்வே ஸ்டேஷன். 3 சகோதரிகளைக் கல்யாணம் செய்துகொண்டு நிம்மதி இல்லாமல் தவிக்கும் ஒரு பணக்கார முஸ்லிம் இளைஞர்தான் நாயகன். ஒன்றுக்கு மேல் மனைவி கட்டினால் யாருக்குமே சுகம் இல்லை என்பது கதையின் கருத்து.

கதையை ரவணசமுத்திரத்தில் இருந்த ஒரு முஸ்லிம் நண்பரிடம் காட்டினார் பாரதி. அவர் கதையைப் பாராட்டினார். ஆனால் ஒரு பெரிய தப்பு இருக்கிறது என்றார். அக்கா தங்கையை ஒரே நேரத்தில் மனைவியாக வைத்துக்கொள்ள இஸ்லாமிய மார்க்கத்தில் அனுமதி இல்லை. நாலு மனைவி வரை என்று கேள்விப்பட்ட அளவில் பாரதி எழுதிவிட்டார், இந்த விதி அவருக்குத் தெரியவில்லை.

பாரதி என்ன செய்தார்? கதைக்குக் கீழேயே ஒரு அனுபந்தம் சேர்த்தார். நண்பர் இப்படிச் சொன்னார், என் பங்கில் தப்பு என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். கதையைச் சத்தம் இல்லாமல் திருத்தியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்தவன் மதத்தைப் பற்றி எழுதும்போது தெரிந்தவனிடம் கேட்கணும், தப்பு என்றால் எல்லார் முன்னாலும் ஒத்துக்கணும். 100 வருடத்துக்கு முன்னால், கடையத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் செய்தது இது. நம்ம தொழிலில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சுருக்கென்று படும் விஷயம்தான்.

பொட்டல்புதூரில் அரபு தேசத்துக் கதை

கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூர். முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலுக்குப் பேர் போன ஊர். கந்தூரிக்கு இந்துக்களும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே 1920 ஜூன் மாதம் பாரதி பேசினார். தலைப்பு இஸ்லாத்தின் பெருமை. அல்லாவைப் பற்றித் தான் எழுதின பாட்டையும் பாடினார். அந்தப் பேச்சு சுதேசமித்திரனிலும் வந்தது.

நபிகள் நாயகத்தின் வாழ்க்கை, அவருடைய நம்பிக்கை, மன உறுதி. இதுதான் பேச்சின் மையம். முஸ்லிம்களுக்கு இது தெரிந்த கதை. ஆனால் எந்தச் சூழ்நிலையில் அதைப் பாரதி கையில் எடுத்தார் என்று பார்க்கணும். மக்காவில் நபிகளை முதலில் எதிர்த்தது அந்நிய ராஜா இல்லை, சொந்தக் குறைஷிக் கூட்டம். உறவுக்காரர்கள். பெண் சிசுவை மண்ணில் புதைக்கும் வழக்கத்தை, குலச் சண்டையை, ஏழையை நசுக்குவதை அவர் கண்டித்தபோது அவருக்கு ஊர் விலக்கம் வந்தது. கி.பி. 622ல் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போக வேண்டி வந்தது. அரேபியாவைத் திருத்த வெளியில் இருந்து யாரும் வரவில்லை. அரபு மக்களுக்குள் இருந்துதான் அந்த மாற்றம் கிளம்பியது. சொந்த அக்ரஹாரம் முகம் திருப்பிக்கொண்ட ஒரு மனுஷனுக்கு இந்தக் கதை வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்காது. இது நம்ம ஊகம்தான். ஆனாலும் பெரிய தப்பாக இருக்காது என்று தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 1919, 1920ல் அரபு நாடுகள் கொதித்துக்கொண்டிருந்தன. போரில் துருக்கி தோற்றதும் அரபு நிலங்களை பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டன. எகிப்தில் 1919 மார்ச்சில் சாத் ஸக்லூல் என்ற தலைவரை பிரிட்டன் மால்டா தீவுக்கு நாடு கடத்த, நாடே தெருவுக்கு வந்தது. முகத்திரை போட்ட பெண்கள் கெய்ரோ தெருக்களில் ஊர்வலம் போனார்கள். ஹுதா ஷஃராவி என்ற பெண் அதில் முன்னால் நின்றார். 1920 கோடையில் ஈராக்கில் பிரிட்டனுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி. அதை அடக்க அனுப்பப்பட்ட படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நம்ம பங்குக் கசப்பு.

ஆயுதம், ஊர்வலம் தவிர இன்னொரு வழியையும் எகிப்து பிடித்தது. 1920ல் தலாத் ஹர்ப் என்பவர் 'பாங்க் மிஸ்ர்' என்ற வங்கியைத் தொடங்கினார். மிஸ்ர் என்றால் எகிப்து. பங்கு வாங்குவதற்கு எகிப்தியராக இருக்கணும். நம்ம பருத்தியை விற்று வரும் பணம் ஐரோப்பியன் வங்கியில்தான் போய்ச் சேருகிறது, அப்புறம் விடுதலை எங்கே இருந்து வரும் என்று கேட்டவர் அவர். பின்னால் அந்த வங்கிப் பணத்தில் மஹல்லா நகரத்தில் பெரிய நெசவாலை வந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. 25 ரூபாய்ப் பங்கு விற்றதும் இதே கணக்குதானே? இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. வ.உ.சி.யின் கப்பலை பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து மூழ்கடித்தது. ஹர்பின் வங்கி இன்றைக்கும் இருக்கிறது.

100 ரூபாய் கடன் கொடுங்கள்

பாரதியின் கப்பல் கம்பெனி அவருடைய புத்தகங்கள். 1920 நடுவில் கடையத்தில் இருந்தபடி ஒரு சுற்றறிக்கை தயாரித்து நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அனுப்பினார். கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் சேர்த்து 40 புத்தகமாகப் போடப் போகிறேன். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. ஆரம்பச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், முத்திரை ஒட்டிய புரோநோட் எழுதித் தருகிறேன், மாதம் 2 சதவீதம் வட்டி. மண்ணெண்ணெய், தீப்பெட்டி விற்பது மாதிரி வீட்டுக்கு வீடு இந்தப் புத்தகங்கள் விற்கும் என்று நம்பிக்கையாகச் சொன்னார்.

கவனிங்க, அவர் கேட்டது நன்கொடை இல்லை. கடன், அதுவும் வட்டியோடு! அதற்கு ஒரு வருடம் முன்னால், 1919ல், எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டுப் பார்த்திருந்தார். பழைய காலப் புலவர்கள் வழி அது. ஒன்றும் கிடைக்கவில்லை. ராஜா கைவிட்ட பிறகு ஜனங்களிடம் போனார். ராஜாவிடம் கேட்டதில் அவருக்கே கூச்சம் இருந்ததோ என்னவோ, புரோநோட் யோசனையில் அந்தப் பழைய புலவர் இல்லை, ஒரு தொழில் தொடங்குகிற ஆள்தான் தெரிகிறார்.

திட்டம் என்ன ஆச்சு? படுத்துவிட்டது. 20,000 ரூபாய் சேரவில்லை. அந்தக் காலத்தில் 100 ரூபாய் சின்னத் தொகை இல்லை. சி.ஐ.டி. பார்வையில் இருக்கும் ஆளுக்குக் கடன் கொடுத்தால் நமக்கு ஏன் வம்பு என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். 10,000 பிரதி என்பது அன்றைய தமிழ்நாட்டுக்குப் பெரிய கனவுதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே ரொம்பக் குறைவாக இருந்த காலம்.

நடுவில் வெளியூர்ப் பயணமும் உண்டு. 1919ல் சென்னையில் ராஜாஜி தங்கியிருந்த வீட்டுக்குள் நேராகப் போய்க் காந்தியைப் பார்த்தது, காரைக்குடிக்குப் போனபோது கையில் தடியோடு எடுத்த அந்தப் பிரபலமான போட்டோ, திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தைத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் இந்தக் கடையத்துக் காலத்துக் கதைகள்தான்.

கடைசி ராத்திரி

கட்டுப்பாடுகள் விலகின பிறகு 1920 நவம்பரில் பாரதி சென்னைக்குத் திரும்பினார். மறுபடி சுதேசமித்திரன் வேலை, திருவல்லிக்கேணியில் வாடகை வீடு. 1921ல் பார்த்தசாரதி கோயில் யானை தள்ளிவிட்டது. அதில் இருந்து தேறிவிட்டார். ஜூலை கடைசியில் ஈரோட்டுக்குப் போய்க் கருங்கல்பாளையத்தில் பேசினார். பேச்சின் தலைப்பு, மனிதனுக்கு மரணம் இல்லை என்பது. திரும்பி வந்து வயிற்றுக் கடுப்பில் படுத்தார். யானை மிதித்து இறந்தார் என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். அது சரியில்லை.

செப்டம்பர் 11 ராத்திரி. பக்கத்தில் இருந்த நண்பர்களில் ஒருத்தர் நீலகண்ட பிரம்மச்சாரி. தென்காசிப் பக்கம் ரகசியமாக ஆள் திரட்டி, ஆஷ் வழக்கில் சிறையில் கிடந்து வந்தவர். மருந்து சாப்பிட மறுத்தபடி பாரதி அன்றைக்குச் சொன்னது என்ன தெரியுமா? மறுநாள் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகணும் என்பதுதான். அமானுல்லா, ஆப்கானிஸ்தான் ராஜா. 1919ல் பிரிட்டனோடு மோதித் தன் நாட்டின் வெளியுறவு உரிமையை மீட்டவர். விடுதலையை வாங்கிய கையோடு சொந்த நாட்டுக்குள் பள்ளிக்கூடம், சட்டம் என்று சீர்திருத்தத்தில் இறங்கியவர். அந்தக் கட்டுரை எழுதப்படவே இல்லை. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் பாரதி இறந்தார். வயது 38. இறுதி ஊர்வலத்தில் 20 பேர்கூட இல்லை என்பார்கள்.

பிறகு?

செல்லம்மா அந்தப் புத்தகத் திட்டத்தைக் கையில் எடுத்தார். 'பாரதி ஆச்சிரமம்' என்ற பெயரில் ஒரு பதிப்பகம். 1922ல் 'சுதேச கீதங்கள்' 2 பாகமாக வெளிவந்தது. 7 வயதில் கழுத்தில் தாலி ஏறின பொண்ணு, 30 வயது தாண்டி, கைம்பெண் கோலத்தில், 2 பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புத்தகம் போட்டு விற்கக் கிளம்பினார். உதவிக்கு அவருடைய சகோதரர் அப்பாதுரை. அதிக நாள் நடத்த முடியவில்லை. பதிப்புரிமை பாரதியின் தம்பி விஸ்வநாதன் பக்கம் போனது. பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமை கைமாறி ஏவி.எம். மெய்யப்பன் வரை போனது. பாரதி பாட்டு பொதுச்சொத்து ஆகணும் என்று தமிழ்நாடு முழுக்கக் குரல் எழுந்த பிறகு, 1949ல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கியது. அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 40 புத்தகம், 10,000 பிரதி என்று அவர் போட்ட கணக்கை எல்லாம் தாண்டி, அதற்கு அப்புறம் லட்சக்கணக்கில் அச்சானது.

செல்லம்மா 1955ல் காலமானார்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் கடையமும் அதற்குள் வந்துவிட்டது. இப்போ அங்கே போனால் பாரதியும் செல்லம்மாவும் சேர்ந்து நிற்கும் சிலையைப் பார்க்கலாம். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்த அதே ஊரில், 2022ல் வைத்தது.